வரி ரசீது இருக்கு... வீடு யாரோடது பாஸ்?

பௌர்ணமிக்குக் கிரிவலம் சுத்திட்டு, ‘இங்கேயே ஒரு மனை வாங்கிப் போட்டா என்ன?’ன்னு யோசிக்கிறவங்க எத்தனை பேர்! திருவண்ணாமலையில விலையைக் கேட்டு மயக்கம் வந்தவங்க அப்படியே செஞ்சி ரோட்டுல வண்டியை விட்டா, நம்ம கீழ்பென்னாத்தூர். உங்க அப்பாவும் ரிட்டயர்மென்ட் பணத்தை வெச்சுக்கிட்டு இங்கே ஒரு பழைய வீட்டைப் பார்க்கப் போறார்னு வைங்க.

வீட்டைக் காட்டுறவர் கையில ஒரு பிளாஸ்டிக் கவர். உள்ளே கட்டுக்கட்டா ரசீது. “பாருங்க சார், பத்து வருஷமா நான்தான் வீட்டு வரி கட்டுறேன். வேற என்ன சாட்சி வேணும்?” அப்பா கண்ணாடியைத் துடைச்சு மாட்டிக்கிட்டுப் படிக்கிறார். முகத்துல திருப்தி. அட்வான்ஸ் கொடுக்க பாக்கெட்டுக்குக் கை போகுது.

காலேஜ் படிக்கிற நீங்க உள்ளே புக வேண்டிய இடம் இதுதான்!

அந்த ரசீது சொல்றது ஒண்ணே ஒண்ணு: இந்தக் கட்டடத்துக்கு இவ்வளவு வரி வந்து சேர்ந்துச்சு. யார் ஓனர்ங்கிற பஞ்சாயத்தை அது தீர்த்து வைக்காது. பெங்களூருக்குப் பொழைக்கப் போன பெரியப்பா வீட்டுல குடியிருக்கிற சொந்தக்காரர், அவருக்காக வருஷக்கணக்கா வரி கட்டியிருக்கலாம். நடுவுல எப்படியோ வரிப் புத்தகத்துல தன் பேரையும் ஏத்தியிருக்கலாம். அதனால வீடு அவரோடதாகிடுமா? வருவாய்த்துறைப் பதிவேட்டுல பேர் மாறினதால மட்டும் சொத்துரிமை வந்துடாதுன்னு உச்ச நீதிமன்றம் 1996-லயும் சொல்லிச்சு, 2021-லயும் சொல்லிச்சு. அதுக்கே அந்தக் கதின்னா, வரி ரசீது எம்மாத்திரம்!

அதனால மூலப்பத்திரத்தைக் கேளுங்க. ஜெராக்ஸ் இல்லை, ஒரிஜினல். வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்துல காசு கொடுக்காமலே பார்க்கலாம். அப்பாவுக்கு அந்த வெப்சைட் படுத்தும், உங்களுக்குப் பத்து நிமிஷம்.

வீடு ஏற்கெனவே உங்களுதா? அப்ப வேற ஒரு ஆசாமி கதவைத் தட்டுவார். 2022 ஏப்ரல்ல தமிழ்நாடு முழுக்க சொத்து வரி ஏறுச்சு, ஞாபகம் இருக்கா? நம்மளை மாதிரி பேரூராட்சிகள்ல குடியிருப்புக்கு 600 சதுர அடி வரைக்கும் 25 சதவீதம், 1,200 வரைக்கும் 50, 1,800 வரைக்கும் 75, அதுக்கு மேல 100. அதாவது ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு அரையாண்டுக்கு 400 கட்டினவங்களுக்கு 600 ஆச்சு. உடனே முளைச்சாங்க புரோக்கர்கள். “ஆபீஸ்ல நம்ம ஆள் இருக்கார், குறைச்சுத் தர்றேன்!”

குறைச்சா என்ன ஆகும்? மதுரையைப் பாருங்க. அங்கே மாநகராட்சியில அதிகாரிகளோட பாஸ்வேர்டைப் பயன்படுத்தி பல கட்டடங்களுக்கு வரியைக் குறைச்சுட்டாங்கன்னு புகார் கிளம்பி, 2025-ல வரிசையா கைது. கம்ப்யூட்டர்ல யார், எப்ப, எந்தக் கட்டடத்துக்கு மாத்தினாங்கன்னு பதிவாகியிருக்கும்ல? நோட்டீஸ் வரும்போது புரோக்கர் போன் ஸ்விட்ச்டு ஆஃப். பாக்கி மட்டும் உங்க பேர்ல.

இன்னொரு சமாச்சாரம். 2018-ல ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தினப்போ, லஞ்சம் கொடுக்கிறதும் குற்றம்னு தெளிவா எழுதிட்டாங்க. கட்டாயப்படுத்தி வாங்கினாங்கன்னா ஏழு நாளுக்குள்ள புகார் பண்ணணும். ‘எல்லாரும் கொடுக்கிறாங்க, நானும் கொடுத்தேன்’ங்கிற டயலாக் அங்கே செல்லாது.

நிஜமாவே தள்ளுபடி வேணுமா? அரையாண்டு பிறந்த 30 நாளுக்குள்ள, அதாவது ஏப்ரல் இல்லைன்னா அக்டோபர் மாசத்துலயே கட்டிடுங்க. 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். புரோக்கர் தேவையில்லை. சதுர அடியைத் தப்பா போட்டிருக்காங்களா? செயல் அலுவலருக்கு மனு எழுதி, திரும்ப அளக்கச் சொல்லுங்க. மனு கொடுத்ததுக்குக் கையெழுத்து வாங்காம நகராதீங்க. (எழுத்து எப்படி இருந்தாலும் பரவாயில்லை, என் எழுத்தையே வாங்கிக்கிட்டாங்க!)

வீட்டுக்கு வந்து மொபைல்ல க்யூஆர் கோடைக் காட்டி ‘இப்பவே ஸ்கேன் பண்ணுங்க, இல்லைன்னா சீல்’னு மிரட்டினா, கதவைச் சாத்திட்டு நேரா பேரூராட்சி ஆபீஸுக்கு நடங்க. வரிவிதிப்பு எண்ணைச் சொன்னா பாக்கி எவ்வளவுன்னு அங்கேயே பார்த்துச் சொல்லிடுவாங்க.

அந்த எண் எங்கே இருக்கும்னு தெரியலையா? அம்மாகிட்ட கேளுங்க. பீரோவுல, கேஸ் புக்குக்கு அடியில.