உடைந்த மூக்குக் கண்ணாடியை எறிந்துவிடாதீர்கள்



நபி (ஸல்) அவர்களின் குவளை ஒன்று உடைந்தபோது, அந்த இடம் வெள்ளிச் சங்கிலியால் இணைக்கப்பட்டது. அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரியில் இடம்பெற்றுள்ளது. உடைந்ததை இணைத்துப் பயன்படுத்துவது நமக்குக் குறைவல்ல, வீண்விரயம்தான் குறைவு.

இதை நம் வீட்டு மூக்குக் கண்ணாடியோடு பொருத்திப் பாருங்கள். நாற்பது வயதைத் தாண்டினால் அருகில் உள்ளவை மங்கலாகத் தெரிவது இயற்கை. கண்ணாடியின் கம்பி முறிந்துவிட்டால் உம்மும்மாவின் குர்ஆன் ஓதல் தடைப்படுகிறது. கடையில் வாப்பாவின் கணக்கு தடுமாறுகிறது. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் நம் அயலில் வாழும் தோட்டத்துப் பெண்களுக்கோ அது கூலியைப் பற்றிய விஷயம். அஸ்ஸாமில் நாற்பது வயதைக் கடந்த 751 தேயிலைத் தொழிலாளர்களைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவு 2018இல் வெளியானது. வாசிப்புக் கண்ணாடி பெற்றவர்கள், பெறாதவர்களைவிட ஏறத்தாழ 22 விழுக்காடு கூடுதலாகக் கொழுந்து பறித்தார்கள்!

கண்ணாடி முறிந்ததும் நாம் என்ன செய்கிறோம்? கடையில் விற்கும் உடனடிப் பசையைத் தடவுகிறோம். அதன் ஆவி வில்லையில் வெள்ளைப் படலமாகப் படிந்துவிடும். மெல்லிய கம்பியில் ஒட்டும் நிலைக்காது. சிலர் வானொலி திருத்துபவரிடம் கொடுத்து ஈயம் வைக்கிறார்கள். அந்த ஈயம் ஏறத்தாழ 183 பாகை செல்சியஸில் உருகி மேலே ஒட்டிக்கொள்வது மட்டுமே. கீல் ஆடும் இடத்தில் அது விரைவில் விட்டுவிடும். அதைவிடக் கேடு, பசையும் ஈயமும் படிந்த இடத்தைச் சுரண்டிச் சுத்தமாக்காமல் பிறகு சரியான ஒட்டு வைக்க இயலாது.

சரியான ஒட்டு என்பது லேசர் ஒளியால் வைப்பது. 1960இல் முதல் லேசர் உருவாயிற்று. இன்று நகைப் பட்டறைகளிலும் பற்கட்டும் கூடங்களிலும் பயன்படும் லேசர் இயந்திரமே கண்ணாடிச் சட்டத்துக்கும் உதவுகிறது. வேலைசெய்பவர் உருப்பெருக்கி வழியாகப் பார்த்துக்கொண்டு, முறிந்த இரு முனைகளையும் சேர்த்துப் பிடிப்பார். ஒரு மில்லிமீட்டரிலும் சிறிய இடத்தில் ஒளி சில மில்லி விநாடிகள் மட்டும் பாயும். அங்குள்ள உலோகமே உருகி ஒன்றாகிவிடும். தேவையானால் அதே வகை மெல்லிய கம்பியையும் சேர்த்து உருக்குவார்கள். சூடு பக்கத்தில் பரவுவது மிகக் குறைவு என்பதால் கையிலேயே பிடித்து வேலை செய்யலாம். இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாமலேயே விழித்திரையைச் சுட்டுவிடக் கூடியது. எனவே பிள்ளைகளை அருகில் நின்று எட்டிப் பார்க்க விடாதீர்கள்.

கண்ணாடிக் கடையிலோ நகைக் கடையிலோ லேசர் ஒட்டு வைப்பவர் எங்கே இருக்கிறார் என்று விசாரியுங்கள். கொடுக்குமுன் இவற்றைக் கவனியுங்கள்:

1. முறிந்த துண்டுகள், திருகாணி உட்பட எல்லாவற்றையும் ஒரு சிறு பெட்டியில் போட்டு வையுங்கள்.

2. வில்லைகளைக் கழற்றிவிட்டு ஒட்டு வைக்கச் சொல்லுங்கள்.

3. சட்டம் டைட்டானியமா என்று கேளுங்கள். அது சூட்டில் காற்றோடு சேர்ந்து நொறுங்கும் தன்மை அடையும். ஆகவே ஆர்கன் வாயு பாய்ச்சியே ஒட்ட வேண்டும். வளைத்தாலும் தானே நிமிரும் வகைச் சட்டத்தில் ஒட்டு நிற்பது கடினம்.

4. ஒட்டிய இடத்தில் பூச்சு நிறம் போய்விடும். அதைக் குறையாகக் கருத வேண்டாம்.

5. புதிய சட்டத்தின் விலையையும் கேட்டு ஒப்பிடுங்கள். பச்சை பூத்து அரித்துப்போன சட்டத்துக்குச் செலவழிப்பது வீண்.

6. வாங்கும்போது அணிந்து பாருங்கள். சட்டம் சாய்ந்திருந்தால் பார்வையும் சரியாக அமையாது.

நம் மலைநாட்டு மழையும் பனிமூட்டமும் திருகாணியைத் துருப்பிடிக்கச் செய்யும். நனைந்த கண்ணாடியை அப்படியே மடித்து வைக்காமல் துடைத்து உலர்த்துங்கள். ஒரு கையால் இழுத்துக் கழற்றாமல் இரு கைகளாலும் கழற்றுங்கள். பல முறிவுகள் இதனாலேயே தவிர்ந்துவிடும்.

பார்வை அல்லாஹ் தந்த அமானிதம். அதற்குத் துணைநிற்கும் பொருளையும் பேணுவோம். உங்கள் அலுமாரியில் முறிந்து கிடக்கும் கண்ணாடியை இன்றே எடுத்துப் பாருங்கள். அது உங்களுக்குத் தேவையில்லை என்றால், திருத்தி, கண் பரிசோதனையில் பொருந்துகிற ஓர் ஏழைச் சகோதரிக்குக் கொடுங்கள். அதுவும் ஸதகாதான்.