தியரி படித்தால் ஃபீல் போகாது

பேஸ் கிட்டார் கற்க வருகிறவனுக்கு அனுபவசாலிகள் சொல்லும் முதல் அறிவுரை ஏறக்குறைய ஒன்றுதான். காது இருந்தால் போதும், தியரி பக்கம் போகாதே, போனால் ஃபீல் செத்துவிடும். மெல்லிசைக் குழுக்களிலும் தேவாலய இசைக்குழுக்களிலும் கல்லூரி பேண்டுகளிலும் இதைச் சொல்லாத ஆள் குறைவு. சொல்கிறவர்கள் அன்போடுதான் சொல்கிறார்கள், அதனாலேயே இந்த நம்பிக்கை கேள்வி கேட்கப்படாமல் கைமாறி வருகிறது. அதன் விளைவு வாத்தியக் கடையில் தெரிகிறது. வாசிப்பு மேம்பட வேண்டும் என்ற ஆசை அறிவின் பக்கம் போக வழியில்லாதபோது பொருளின் பக்கம் திரும்புகிறது: ஐந்து தந்தி பேஸ், விலை உயர்ந்த பிக்கப், இன்னொரு பெடல். இந்த நம்பிக்கை தவறு. ஒரு குழுவில் தியரி மிக அவசியமாகத் தேவைப்படும் ஆள் பேஸ் வாசிப்பவர்தான். எந்த வாத்தியத்தை வாங்குவது என்ற முடிவுக்குக்கூட அந்த அறிவு வேண்டும்.

காரணம் ஒலியிலேயே இருக்கிறது. கீபோர்டில் ஒருவர் சி, ஈ, ஜி, ஏ என்ற நான்கு ஸ்வரங்களைச் சேர்த்துப் பிடித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதன் கீழே பேஸ் கிட்டார் சி வாசித்தால் அது சி சிக்ஸ்த் கார்டு. நிறைவும் தெளிவும் கொண்ட மேஜர் நிறம். பேஸ் ஏ வாசித்தால் அதே நான்கு ஸ்வரங்கள் ஏ மைனர் செவன்த் ஆகிவிடுகின்றன. பாட்டின் முகமே வாடிப்போகிறது. பேஸ் எஃப் வாசித்தால் கார்டு மிதக்கத் தொடங்குகிறது. கீபோர்டுக்காரர் விரலை அசைக்கவே இல்லை. மேலே எத்தனை பேர் என்ன வாசித்தாலும், அதற்கு என்ன பெயர் என்பதை ஆக அடியில் ஒலிக்கும் ஸ்வரமே பெரும்பாலும் முடிவு செய்கிறது. லீட் கிட்டார் வாசிப்பவர் ஒரு ஸ்வரம் தவறினால் அந்த ஸ்வரம் மட்டும் தவறு. பேஸ் தவறினால் எல்லோருடைய ஸ்வரமும் தவறாகிறது. இத்தனை அதிகாரம் உள்ள இடத்தில் இருப்பவனுக்கு, தன் விரல் என்ன செய்கிறது என்று தெரியத் தேவையில்லை என்பது விந்தையான வாதம்.

மேடையில் வேலை செய்யும் ஆளுக்கு இது இன்னும் கூர்மையாக வந்து நிற்கும் இடம் ஸ்கேல் மாற்றம். தமிழ் மெல்லிசை மேடையில் பாடகரின் குரலுக்கு ஏற்பக் கட்டை மாறுவது அன்றாட வழக்கம். மூன்று கட்டையில், அதாவது ஈ ஸ்கேலில், பழகிய பாட்டை அன்றைய பாடகர் இரண்டரைக் கட்டைக்கு இறக்கச் சொல்கிறார். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தானை அமுக்கினால் வேலை முடிந்தது. நான்கு தந்தி பேஸில் அப்படி முடியாது. மூன்று கட்டையில் ஆதார ஸ்வரம், வாத்தியத்தின் ஆக ஆழமான ஒலியான திறந்த ஈ தந்தியில், 41 ஹெர்ட்ஸ் அருகே இருந்தது. இரண்டரைக் கட்டைக்கு உரிய ஈ ஃப்ளாட் அதற்குக் கீழே இல்லவே இல்லை. ஏ தந்தியின் ஆறாவது ஃப்ரெட்டில்தான், ஏறக்குறைய ஓர் ஆக்டேவ் மேலே, கிடைக்கும். அங்கே போய் வாசித்தால் ஸ்வரம் சரி, ஆனால் பாட்டின் அடித்தளம் பெயர்ந்துபோகிறது. முன்பு கீழே இறங்கி ஆதாரத்தில் அமர்ந்த வரி இப்போது மேலே தாவி அமர்கிறது; வரியின் உருவமே தலைகீழாகிறது.

இந்த இடத்தில் வழிகள் பல. தந்திகளையெல்லாம் அரை ஸ்வரம் தளர்த்திக் கட்டலாம். அடுத்த பாட்டு நான்கு கட்டை என்றால் ஃப்ரெட்டெல்லாம் ஒன்று தள்ளிப்போயிருக்கும், அந்தக் கணக்கு மனதில் ஓட வேண்டும். ஐந்து தந்தி பேஸ் இருந்தால் பி தந்தியின் நான்காவது ஃப்ரெட்டில் அந்த ஈ ஃப்ளாட் காத்திருக்கிறது. அல்லது இருக்கிற நான்கு தந்தியிலேயே, ஈ தந்தியின் மூன்றாவது ஃப்ரெட்டில் கார்டின் மூன்றாம் ஸ்வரமான ஜி-யை எடுக்கலாம், ஆறாவது ஃப்ரெட்டில் ஐந்தாம் ஸ்வரமான பி ஃப்ளாட்டை எடுக்கலாம். ஆனால் மூன்றாம் ஸ்வரம் அடியில் வந்தால் கார்டு நிலைகொள்ளாமல் முன்னோக்கி நகரப் பார்க்கும். பல்லவியின் நடுவில் அது அழகு, பல்லவி முடியும் இடத்தில் அது கேடு. ஐந்தாம் ஸ்வரம் அடியில் வந்தால் ஒரு காத்திருப்பு உண்டாகும்; முடிவுக்கு முந்தைய அடியில் அது நன்றாகப் பொருந்தும், முடிவிலேயே வைத்தால் பாட்டு முடியாதது போலவே தோன்றும். எது எங்கே பொருந்தும் என்று தெரிந்தவனுக்கு நான்கு தந்தி போதும், ஐந்து தந்தி கூடுதல் வசதி. தெரியாதவன் ஐந்து தந்தி வாங்கினாலும் பழைய ஃப்ரெட்டிலேயே நிற்பான்.

ஆழமான சத்தம் வேண்டும் என்பதற்காக ஐந்து தந்தி வாங்குகிறவர்களிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். திறந்த பி தந்தியின் அடிப்படை அதிர்வெண் 31 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் குறைவு. சிறிய ஸ்பீக்கர்கள் அதை ஏறக்குறைய வெளியிடுவதே இல்லை. கைபேசியில் கேட்பவருக்கு அது அறவே போய்ச் சேராது. நமது காது மேல் அதிர்வுகளைக் கேட்டு அடி ஒலியை ஊகித்துக்கொள்கிறது. ஆகவே அந்தத் தந்தியின் உண்மையான பயன் ஆழத்தைவிட, வரி அறுபடாமல் கீழே இறங்க இடம் கொடுப்பதிலும், கையை அதிகம் நகர்த்தாமல் எல்லாக் கட்டையிலும் வாசிக்க விடுவதிலும் இருக்கிறது. இந்தப் பயனை எடுத்துக்கொள்ள ஸ்வரங்களின் உறவு தெரிய வேண்டும். பேஸ் கலைஞர் ஆன்தனி ஜாக்சன் 1975-இல் கார்ல் தாம்சனிடம் ஆறு தந்தி பேஸ் ஒன்றைச் செய்து வாங்கினார். அதற்கு முன்பே, ஓ'ஜேஸ் குழுவின் ‘ஃபார் த லவ் ஆஃப் மணி’ பாட்டில் அவர் வாசித்த பேஸ் வரி உலகப் புகழ் பெற்றிருந்தது. இசை கேட்ட இடத்துக்கு வாத்தியம் எட்டவில்லை என்று கண்ட பிறகு வாத்தியத்தை மாற்றினார். இன்று நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர் எதிர்.

தியரி வேண்டாம் என்பவர்கள் தவறாமல் எடுத்துக்காட்டும் பெயர் ஜேம்ஸ் ஜேமர்சன். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் மோட்டவுன் நிறுவனத்தின் எண்ணற்ற வெற்றிப் பாடல்களுக்குப் பேஸ் வாசித்தவர். ஒரு ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ், மாற்றவே மாற்றாத தடித்த தந்திகள், வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்று மட்டும்: இந்தச் சித்திரத்தை வைத்து, அவர் வெறும் உணர்வால் வாசித்த மேதை என்று ஒரு கதை கட்டப்பட்டிருக்கிறது. கதையில் விடுபட்ட பகுதி பெரிது. ஜேமர்சன் பள்ளி மாணவராக டபுள் பேஸ் கற்றவர். டெட்ராய்ட் ஜாஸ் கிளப்களில் வாசித்து வளர்ந்தவர். தாளைப் பார்த்து வாசிக்கத் தெரிந்தவர். மார்வின் கேயின் 1971 பாடலான ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ பதிவில் அவர் தரையில் மல்லாந்து படுத்தபடி வாசித்தார் என்பதை எல்லோரும் ரசித்துச் சொல்வார்கள். அப்போது அவருக்கு முன்னால் எழுதிய தாள் இருந்தது என்பதை மட்டும் சொல்வதில்லை. 1967-இல் வந்த ‘பெர்னடெட்’ பாட்டை அடியோடு கவனித்துக் கேட்டால் போதும். ஒரு கார்டிலிருந்து அடுத்த கார்டுக்குப் போகும் வழியில் அரை ஸ்வரம் அரை ஸ்வரமாக நகர்ந்து, சரியான அடியில் சரியான ஸ்வரத்தில் வந்து இறங்குகிறார். அடுத்த கார்டில் என்னென்ன ஸ்வரங்கள் உண்டு என்பது முன்கூட்டியே தெரியாதவரால் அந்தப் பயணத்தைத் தொடங்கவே முடியாது. அவருக்குத் தியரி இல்லாமல் இல்லை. யோசிக்க வேண்டிய அவசியமே இல்லாத அளவுக்கு அது உள்ளே போயிருந்தது.

கரோல் கே கதையும் இதுதான். லாஸ் ஏஞ்சலஸில் பீபாப் ஜாஸ் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தவர், 1963-இல் ஒரு பதிவுக்குப் பேஸ் வாசிப்பவர் வராததால் அந்த வாத்தியத்தை எடுத்தார். பிறகு அந்த நகரத்தின் மிக அதிக வேலை கொண்ட ஸ்டூடியோ கலைஞர்களில் ஒருவரானார். கார்டுகளின் அறிவு கையில் ஏற்கெனவே இருந்ததால்தான் ஒரே நாளில் வாத்தியம் மாற முடிந்தது. ஜாக்கோ பாஸ்டோரியஸ் ஃபெண்டர் ஜாஸ் பேஸின் ஃப்ரெட்டுகளைப் பிடுங்கி எறிந்ததை ஊரே பேசுகிறது. 1976-இல் வந்த அவரது முதல் ஆல்பத்தில் காங்காவை மட்டும் துணைக்கு வைத்து ‘டோனா லீ’ வாசித்தாரே, கார்டு பிடிக்க யாருமே இல்லாத அந்தப் பதிவில் கார்டுகள் ஒவ்வொன்றாக மாறுவது காதில் விழுகிறதே, அதைச் செய்தது ஃப்ரெட் இல்லாத பலகையா?

இங்கே பால் மெக்கார்ட்னி வந்துவிடுவார். அவருக்கு நொட்டேஷன் படிக்கத் தெரியாது; அதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். இது எதிர்த்தரப்பின் பலமான சான்று, ஆகவே நேராகவே பதில் சொல்ல வேண்டும். நொட்டேஷன் வேறு, தியரி வேறு. எழுத்துத் தெரியாத ஒருவர் வெண்பா கட்டினால் அவருக்கு யாப்பு தெரியாது என்று யாரும் சொல்லமாட்டார்கள். மெக்கார்ட்னியின் தந்தை ஜாஸ் குழு நடத்தியவர், வீட்டில் பியானோ வாசித்தவர். பீச் பாய்ஸ் குழுவின் 1966 ஆல்பமான ‘பெட் சவுண்ட்ஸ்’ தன்னை எவ்வளவு பாதித்தது என்று மெக்கார்ட்னி வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். அதில் பிரையன் வில்சன் பேஸை அடிக்கடி கார்டின் ஆதாரத்தில் வைக்காமல் வேறு ஸ்வரத்தில் வைத்திருந்தார். மெக்கார்ட்னி அதைக் கவனித்தார், எடுத்துக்கொண்டார், 1967 பாடல்களில் பயன்படுத்தினார். கேட்டு, பிரித்து, காரணம் கண்டு, வேறோர் இடத்தில் பொருத்துவதற்குத் தியரி என்றுதான் பெயர். இன்னொன்று: அவர் தன் பாட்டைத் தானே எழுதி, வாரக்கணக்கில் ஸ்டூடியோவில் உட்கார்ந்து பேஸ் வரியைத் தேடும் வசதி கொண்டவர். மாலை ஆறு மணிக்குப் பாட்டுப் பட்டியலைக் கையில் வாங்கி ஏழு மணிக்கு மேடை ஏறும் ஆளுக்கு அவரை முன்மாதிரி காட்டுவது நியாயமில்லை.

படித்தவர்கள் உயிரில்லாமல் வாசிக்கிறார்களே என்பது அடுத்த கேள்வி. அப்படிப்பட்டவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஸ்கேலை மேலும் கீழுமாக ஓட்டவே கற்றுக்கொடுத்து, அதையே தியரி என்று சொன்னால் விளைவு அப்படித்தான் இருக்கும். கரோல் கே பல ஆண்டுகளாக வற்புறுத்துவது இதையே: ஸ்கேல் ஓட்டத்தை விட்டுவிட்டுக் கார்டின் ஸ்வரங்களைக் கற்றுக்கொடுங்கள் என்கிறார். ஸ்வரம் எப்போது தொடங்குகிறது என்பதோடு எப்போது நிற்கிறது என்பதும், அது டிரம்ஸின் கிக் மீது விழுகிறதா சற்றுப் பின்னே விழுகிறதா என்பதும் தியரிதான். மோசமான பாடமுறையைக் காட்டி அறிவையே நிராகரிப்பது எந்தத் துறையிலும் ஏற்கப்படுவதில்லை. நம் ஊரிலேயே பார்க்கலாம். மிருதங்கம் கற்கிறவன் ஜதியும் நடையும் கோர்வையும் ஆண்டுக்கணக்கில் கணக்குப் போட்டுப் பழகுகிறான். கணக்குத் தெரிந்ததால் அவன் கையில் சுகம் போய்விடும் என்று எந்த வித்வானும் சொல்வதில்லை. கணக்கு தவறினால்தான் சபையே முகம் சுளிக்கும். பக்கவாத்தியத்துக்கு ஒத்துக்கொண்ட உண்மையைப் பேஸ் கிட்டாருக்கு மட்டும் ஏன் மறுக்க வேண்டும்?

வாத்தியத்தின் தரமே முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் சுருதி சேராத பேஸ், கழுத்து வளைந்த பேஸ், ஆம்பில் இரைச்சல் போடும் பேஸ் ஆகியவை வேலைக்கு உதவாது. ஆனால் அந்த வரம்பைத் தாண்டிய நல்ல, சரியாக செட்-அப் செய்த நான்கு தந்தி பேஸுக்கும் அதைவிடப் பல மடங்கு விலையுள்ள பேஸுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்பவர் அநேகமாக உணர்வதில்லை. ஆதாரத்துக்குப் பதில் மூன்றாம் ஸ்வரத்தில் பல்லவியை முடித்தால், பெயர் சொல்லத் தெரியாவிட்டாலும் அரங்கில் எல்லோரும் உணர்கிறார்கள்.

தமிழ்த் திரையிசையில் பேஸ் வரியின் அழகைப் பேசுகிறவர்கள் முதலில் சொல்வது இளையராஜாவை. ‘இளமை எனும் பூங்காற்று’ போன்ற பாட்டில் பேஸ் தனியொரு மெட்டாகவே நடக்கிறது. அந்த வரிகள் மேற்கத்திய இசையை தன்ராஜ் மாஸ்டரிடம் முறையாகப் படித்த ஒருவர் நொட்டேஷனில் எழுதியவை. தமிழர் காதுக்கு மிக நெருக்கமான, மிகுந்த ஃபீல் கொண்டவை என்று கொண்டாடப்படும் பேஸ் வரிகளே தாளில் பிறந்தவை என்றால், தியரி ஃபீலைக் கொல்லும் என்ற பேச்சு எங்கே நிற்கிறது? அவர் எழுதினார், வாசித்தவர் படித்து வாசித்தார், வாசிப்பவருக்கு அறிவு எதற்கு என்று சிலர் திருப்பிக் கேட்கலாம். ஸ்டூடியோவில் தாள் கிடைத்தது. அதே பாட்டை இன்று மேடையில் வாசிக்கிறவனுக்குத் தாளும் இல்லை, மூலக் கட்டையும் பெரும்பாலும் இல்லை. எழுதியவர் செய்த முடிவுகளை, வேறொரு கட்டையில், வேறொரு வாத்தியத்தில், அந்த நிமிடத்தில் அவனே எடுக்க வேண்டியிருக்கிறது.

தியரி வேண்டாம் என்று சொல்லும் மூத்தவர்களில் பலர் நன்றாகவே வாசிக்கிறார்கள். முப்பது ஆண்டு மேடையில் அவர்கள் கைக்கு எல்லாம் வந்துவிட்டது. எந்தக் கார்டுக்கு எந்த ஸ்வரம், எங்கே தாண்டலாம், எங்கே கூடாது என்று அவர்கள் விரல் அறியும். பெயர் தெரியாததால் தங்களிடம் தியரி இல்லை என்று அவர்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை இளையவனிடம் கொடுக்கும்போது, தாங்கள் முப்பது ஆண்டு செலவழித்துப் பெற்றதை அவனும் அதே முப்பது ஆண்டு செலவழித்துப் பெறட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். அவர்கள் செய்யக்கூடியது எளிது. வாராவாரம் வாசிக்கும் ஒரு பாட்டை எடுத்து, ஒவ்வொரு கார்டிலும் தங்கள் விரல் தொடும் ஸ்வரம் ஆதாரமா, மூன்றாவதா, ஐந்தாவதா, ஏழாவதா என்று அவனுக்குச் சொல்லட்டும்; பிறகு அதே பாட்டைப் பன்னிரண்டு ஸ்கேலிலும் வாசிக்கச் சொல்லட்டும். நான்கு தந்தியில் எந்தெந்தக் கட்டையில் வரி முறிகிறது என்று அவனே கண்டுகொள்வான். ஐந்தாவது தந்தி தனக்கு வேண்டுமா என்பதையும் அப்போது அவனே முடிவு செய்வான்.