வில்லுக்கு வலிமை வேண்டாமா?

வாள் வீசுவது வலியவர் வேலை, வில் எய்வது மெலிந்தவர் வேலை என்று ஓர் எண்ணம் நம்மிடையே உலவுகிறது. கணினியில் ஆடப்படும் மாயக்கதை விளையாட்டுகள் பலவும் இதையே வளர்க்கின்றன. பாத்திரத்திற்கு ‘வலிமை’ என்று ஓர் எண், ‘லாவகம்’ என்று ஓர் எண். வாளுக்கு முதல் எண், வில்லுக்கு இரண்டாவது. பெண் பாத்திரம் என்றால் பெரும்பாலும் கையில் வில்தான்! மதிய இடைவேளையில் எங்கள் வகுப்பில் இதைப் பற்றிப் பெரிய வாக்குவாதமே நடந்தது. எங்கள் முடிவை இங்கே கூறுகிறோம்.

வில் தானாக அம்பை எறிவதில்லை. நாணை இழுக்கும்போது நம் புயத்தின் ஆற்றல் வில்லின் வளைவில் சேர்கிறது. நாணை விட்டதும் அது அம்புக்குச் செல்கிறது. பௌதிகப் பாடத்தில் நாம் படித்ததுதான் இது. 1545-இல் மூழ்கி, 1982-இல் கடலிலிருந்து மீட்கப்பட்ட ‘மேரி ரோஸ்’ என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் நூற்றுக்கும் மேற்பட்ட நெடுவில்கள் கிடைத்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றை முழுதாக இழுக்க 45 கிலோவுக்கு மேற்பட்ட விசை வேண்டும் என ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர். மெலிந்தவர் வேலையா இது?

அப்படியானால், வலிமை கூடக்கூட அம்பின் தாக்குதலும் கூடிக்கொண்டே போகுமா? அதுவும் சரியன்று. இலேசான வில்லைப் பயில்வான் இழுத்தாலும் சிறுமி இழுத்தாலும், ஒரே அளவு இழுத்தால் அம்பு ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் பாயும்.

இவ்விளையாட்டுகளுக்கு முன்னோடி, 1974-இல் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேசை விளையாட்டு. அதன் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில், கனத்த இழுவையுடன் செய்த வில்லுக்கு எய்பவரின் வலிமை சேரும். ஆனால் அந்த வில்லுக்குக் குறித்த அளவு வரையில்தான். இதுவே நியாயமான விதி. 2014-ஆம் ஆண்டுப் பதிப்பிலோ வில்லுக்கு லாவகம் ஒன்றே போதும் என்று ஆக்கிவிட்டனர். கணக்கு எளிதாயிற்று, உண்மை விடுபட்டது.

“விளையாட்டுத்தானே, இதில் என்ன வந்துவிட்டது?” என்று சில தோழியர் கேட்டனர். ‘உனக்கு வலிமை எதற்கு?’ என்பது பெண்களிடம் கனிவாகச் சொல்லப்படும் சொல். உடற்பயிற்சி வகுப்பில் நம்மை நிழலில் உட்கார வைப்பதும் அதே சொல் அன்றோ? வில்வித்தை பழகுவோர் இலேசான வில்லில் தொடங்கி, உடல் தேறத் தேறக் கனமான வில்லுக்குச் செல்கின்றனர். எந்த வில்லை வளைக்கலாம் என்பதை வலிமையும், அம்பு எங்கே தைக்கும் என்பதைத் திறமையும் முடிவு செய்கின்றன. இரண்டுமே பழகப் பழக வருபவை.

தோழியரே, விளையாட்டில் வில்லை விரும்பி எடுப்போம். ஆனால் மாலையில் மைதானத்திற்கும் வருவோம்!