முதலில் தண்ணீரைக் கேளுங்கள்



மே மாதம் பிறந்துவிட்டால் நம் இதழுக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும். "மகனுக்குத் தூத்துக்குடியில் வேலை கிடைத்திருக்கிறது, வீடு பார்க்க வேண்டும், எந்தப் பக்கம் நல்லது?" மகளுக்காக எழுதுகிறவர்கள் "பாதுகாப்பான இடமாக" என்று ஒரு வரி சேர்த்திருப்பார்கள். நம் ஆறுமுகநேரியிலிருந்து தூத்துக்குடிக்கு முப்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்தான். ஆத்தூர், முக்காணி, பழையகாயல் வழியாகப் பஸ் போகிறது. நம் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் அது குரும்பூர், நாசரேத் வழியாகத் திருநெல்வேலிக்குத்தான் கொண்டுபோகும். ஷிப்டு முடிந்து நள்ளிரவில் வெளியே வருகிறவரால் தினமும் ஊர் திரும்ப முடியாது. அங்கேயே ஒரு வீடு வேண்டும்.

நம் பெற்றோர் தலைமுறைக்கு இந்தத் தேடல் இவ்வளவு இல்லை. 1950-களின் இறுதியில் சாகுபுரத்தில் தாரங்கதாரா கெமிக்கல்ஸ் வந்தபோது தொழிற்சாலையோடு குடியிருப்பும் வந்தது. தூத்துக்குடியில் ஸ்பிக் நகர், துறைமுகத்தின் ஹார்பர் எஸ்டேட், அனல்மின் நிலையத்தின் கேம்ப் என்று வேலையோடு குவார்ட்டர்ஸும் கிடைத்தது. இன்று அதே வாசல்களில் நுழைகிறவர்களில் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அவர்களுக்குக் கேட் பாஸ் உண்டு, குவார்ட்டர்ஸ் கிடையாது. 2025-இல் சிப்காட் தொழிற்பேட்டையில் வின்ஃபாஸ்ட் கார் ஆலை திறந்தது, வாகைக்குளத்தில் விமான நிலையத்தின் புதிய முனையம் வந்தது. தெற்கே குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024-இல் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். இத்தனை பேரும் எங்கே குடியிருப்பார்கள் என்று யோசித்தால், டூலெட் பலகை தொங்கும் வீடுகளுக்கு முன் வரிசை நீளுவதில் வியப்பில்லை.

கையில் எவ்வளவு இருக்கிறது என்பது எத்தனை அறை, டைல்ஸா சிமென்ட் தரையா என்பதைத் தீர்மானிக்கட்டும். ஆனால் நாலாயிரம் ரூபாய் வாடகைக்குப் போகிறவரும் நாற்பது லட்சம் கொடுத்து வாங்குகிறவரும் இந்தக் கரையில் முதலில் கேட்க வேண்டியது தண்ணீரைப் பற்றித்தான். மழைத் தண்ணீர் எவ்வளவு நிற்கும், குடிக்கிற தண்ணீர் எப்போது வரும் என்ற இரண்டையும் கேட்டு முடிக்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. பக்கத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. நம் மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்வதைவிட அது அதிகம். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், பயணிகள் நாள்கணக்கில் தவித்தார்கள். கோரம்பள்ளம் குளத்துக் கரை உடைந்து தூத்துக்குடிக்குள் வெள்ளம் புகுந்தது. அந்த நகரம் தட்டையான தரை. மேற்கே குளங்கள், கிழக்கே கடல். நகரத்தில் பெய்கிற மழையோடு மேற்கிலிருந்து வருகிற தண்ணீரும் பக்கிள் ஓடை, உப்பாற்று ஓடை வழியாகக் கடலுக்குப் போய்ச் சேர வேண்டும். கடல் ஏறியிருக்கும் நேரத்தில் அதுவும் மெதுவாகத்தான் வடியும்.

ஆகவே வீட்டைப் பார்க்கும் முன் தெருவைப் பாருங்கள். புரோக்கரிடம் கேட்டால் "இங்கெல்லாம் தண்ணியே வராது சார்" என்பார். தெருமுனைப் பலசரக்குக் கடையில் ஒரு சோடா குடித்துவிட்டுக் கேளுங்கள்: "அண்ணாச்சி, அந்த மழைக்கு இங்க தண்ணி எவ்வளவு நின்னுச்சு? வடிய எத்தன நாளாச்சு?" கடைக்காரர் கையாலேயே அளவு காட்டிவிடுவார், முழங்காலா, இடுப்பா என்று. வீட்டுக்குள் புது வெள்ளை அடித்திருந்தாலும் காம்பவுண்டுச் சுவரின் வெளிப்பக்கத்தில், மின்மாற்றியின் தூணில், பக்கத்துக் காலி மனையின் வேலிக்கல்லில் வெள்ளம் நின்ற கோடு இருக்கும். கீழ்வீடு சில தெருக்களில் மாடிவீட்டைவிட மலிவாக இருப்பதற்குக் காரணமே அந்தக் கோடுதான். பணம் குறைவாக உள்ளவருக்கே வெள்ளம் முதலில் வருகிறது என்பது எனக்கு ஆறாத வருத்தம். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நடு ஊரில் தாழ்ந்த இடத்தில் இரண்டு அறைக் கீழ்வீட்டைவிட, ஊருக்கு வெளியே மேட்டில் ஒற்றை அறை மாடிப் போர்ஷன் மேல். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முள்ளக்காடு, முத்தையாபுரம் பகுதிகளில் ஒரு வசதி உண்டு. திருச்செந்தூர் சாலையிலேயே இருப்பதால் ஊருக்கு வரப் பழைய பஸ் ஸ்டாண்டு வரை போக வேண்டியதில்லை. அங்கும் தெருவுக்குத் தெரு மேடு பள்ளம் மாறும், கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அடுத்தது நல்ல தண்ணீர். தூத்துக்குடிக்குக் குடிநீர் வல்லநாட்டுப் பக்கம் தாமிரபரணியிலிருந்து குழாயில் வருகிறது. போர் போட்டால் பல இடங்களில் உப்புத் தண்ணீர்தான். மாநகராட்சித் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை, எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் வருகிறது, அதைப் பிடித்துவைக்கத் தரைத்தொட்டி இருக்கிறதா, அந்தத் தொட்டி எத்தனை குடும்பத்துக்குப் பொது என்று கேளுங்கள். காலை ஆறு மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறவருக்கு, பத்து மணிக்குத் தண்ணீர் வருகிற வீட்டில் தண்ணீர் இல்லை என்றுதான் அர்த்தம். குழாயைத் திறந்து ஒரு வாய் வைத்துப் பாருங்கள். குழாய் வாயில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தால் வாயில் வைக்கக்கூட வேண்டாம்.

உப்பு காற்றிலும் இருக்கிறது. உப்பளத்துக்கு நடுவில் வாழும் நமக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டாம். அது கான்கிரீட்டுக்குள் கசிந்து கம்பியைத் தொட்டால், துருப்பிடித்த கம்பி உப்பி மேற்பூச்சைப் பிளக்கும். வீட்டைப் பார்க்கும்போது தலையை நிமிர்த்திக் கூரையையும், வெளியே போய்ச் சன்ஷேடின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். கம்பி போன வாக்கில் பழுப்புக் கோடு தெரிந்தால் வாடகைக்காரர் கட்டிலை அதன் கீழே போடக் கூடாது. விலைக்கு வாங்க வந்தவர் ஓர் இன்ஜினியரை அழைத்து வராமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. ஜன்னல் எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். ஆடியில் மேற்கிலிருந்து வரும் கச்சான் புழுதியோடு வரும்.

இனி ஒத்தி, அதாவது மாத வாடகைக்குப் பதில் ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்து வீட்டில் இருந்துவிட்டு, காலி செய்யும்போது அதைத் திரும்பப் பெறுவது. தென்மாவட்டங்களில் நமக்குப் பழக்கமான இந்த முறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பணம் போவது இதில்தான். 5 லட்சம் ஒத்திக்கு மூன்று வருடம் வீடு எடுத்தால் "வாடகையே இல்லை" என்று சொல்லிக்கொள்கிறோம். அந்தப் பணம் வங்கியில் 7 சதவீத வட்டியில் இருந்தால் வருடத்துக்கு 35,000 ரூபாய், மாதம் ஏறத்தாழ 2,900 ரூபாய் வரும். உங்கள் உண்மையான வாடகை அதுதான். அந்த வீட்டுக்கு அது குறைவு என்று பட்டால் ஒத்தி லாபம். ஆனால் நகையை அடகுவைத்தோ கடன் வாங்கியோ ஒத்திப் பணம் திரட்டினால், நீங்கள் கட்டும் வட்டிதான் வாடகை. அது சாதாரண வாடகையை எளிதில் தாண்டிவிடும்.

பெரிய அபாயம் பத்திரத்தில் இருக்கிறது. ஒரு முத்திரைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு முடித்துக்கொள்கிறோம். வீட்டை அனுபவத்துக்கு விட்டுப் பணம் வாங்குவது சட்டத்தின் பார்வையில் அடமானம். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி 100 ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட இத்தகைய அடமானத்தைப் பத்திரமாக எழுதிப் பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்யாத ஒத்தி வில்லங்கச் சான்றில் ஏறாது. வீட்டுக்காரர் அதே வீட்டை வங்கியில் ஏற்கெனவே வைத்திருந்து தவணை கட்டாமல் விட்டால், வங்கி ஏலத்துக்கு வரும் நாளில் உங்கள் ஐந்து லட்சத்தை யாரிடம் கேட்பீர்கள்? பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்க விவரத்தை நீங்களே பார்க்கலாம். மூலப்பத்திரத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அது வங்கியில் இருக்கிறது என்றால் அந்த ஒத்தி வேண்டாம். வீட்டுக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வேண்டாம். பதிவுக்குச் செலவாகும், உண்மைதான். ஒரு குடும்பத்தின் மொத்தச் சேமிப்பைக் காப்பாற்ற அந்தச் செலவு பெரிதில்லை.

வாடகைக்குப் போகிறவர்களுக்கும் சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக ஒத்துக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. காலி செய்தபின் பாக்கியைக் கழித்துக்கொண்டு ஒரு மாதத்துக்குள் அதைத் திருப்பித் தர வேண்டும். தகராறு என்று தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது. கரண்ட் என்றதும் ஒன்று: உங்கள் போர்ஷனுக்குத் தனி இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு மாதத்துக்கு இத்தனை யூனிட் இலவசம் என்பது ஓர் இணைப்புக்குத்தான். நாலு குடித்தனமும் ஒரே இணைப்பில் இருந்தால் அது உங்கள் கைக்கு வராது, யூனிட் விலையும் மேல் படிக்கு ஏறிவிடும்.

வீடு வைத்திருக்கும் வாசகர்களிடமும் பேச வேண்டும். வீடு கேட்டு வருகிறவரிடம் பெயரைக் கேட்டதும் "நீங்க என்ன ஆளு?" என்று கேட்கிறோம். வாடகை தர முடியும், வேலை இருக்கிறது, மனிதர் நல்லவர் என்பதெல்லாம் தெரிந்த பிறகும், அந்தப் பதிலை வைத்துக் கதவை மூடுகிறோம். முஸ்லிம் என்றால், தலித் என்றால், மீன்பிடிக் குடும்பம் என்றால் "வேறொருத்தருக்குப் பேசியாச்சு" என்கிறோம். பலகை மட்டும் தொங்கிக்கொண்டே இருக்கும். தனியாக வருகிற பெண்ணுக்கு இன்னும் கஷ்டம். பக்கத்துக் காயல்பட்டினத்தில் மகளுக்கு வீடு கொடுத்துக் கட்டிக்கொடுப்பது தலைமுறைகளாக வழக்கம். பெண்ணின் பெயரில் வீடு இருப்பதை இயல்பாகக் காணும் இதே கரையில், ஆஸ்பத்திரியிலும் ஆலையிலும் இரவு வேலை பார்க்கும் பெண்ணுக்கு ஓர் அறை கொடுக்க நாம் ஏன் தயங்க வேண்டும்? "நீங்க என்ன ஆளு?" என்ற கேள்வியை இந்த மே மாதத்தோடு விட்டுவிடுங்கள் என்று உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

தூத்துக்குடியில் ஏற்கெனவே குடியிருக்கும் வாசகர்கள் ஓர் உதவி செய்ய வேண்டும். உங்கள் தெருவின் பெயர், 2023-இல் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது, எத்தனை நாளில் வடிந்தது, நல்ல தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது என்று ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். வீட்டுக்காரர் பெயர், கதவு எண் எதுவும் வேண்டாம். வருகிறவற்றைத் தெருவாரியாகத் தொகுத்து அடுத்த இதழில் வெளியிடுகிறோம். ஜூனில் பெட்டி கட்டும் பிள்ளைகள் வீடு பார்க்கப் போகும்போது அது அவர்கள் கையில் இருக்கட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்