மலைத் தோட்டத்திற்கு ஏற்ற பழமரம் எது?

நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் உருளைக்கிழங்கும் காரட்டும் முட்டைக்கோசும் பயிரிடும் சிறு விவசாயிகள், நிலத்தின் ஒரு பகுதியிலாவது பழமரங்களை வளர்க்க வேண்டும் என்பது என் கருத்து. சரிவு நிலத்தை ஆண்டுதோறும் கொத்திக் கிளறினால், மழையில் மேல்மண் அடித்துச் செல்லப்படுகிறது. மரத்தின் வேர் மண்ணைப் பிடித்து நிறுத்தும். காய்கறி விலை விழும் ஆண்டில் பழம் கைகொடுக்கும்.

ஆனால் எந்த மரம் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இமயமலைப் பகுதி ஆப்பிள் கன்று என்று சொல்லி விற்பவர்களிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, காய்க்காத மரத்தை வெட்ட நேரிடுகிறது. இதற்குக் காரணம் உண்டு. குளிர்ப்பிரதேசப் பழமரங்கள் இலையுதிர்த்து உறங்கும் காலத்தில், ஏறக்குறைய 7 டிகிரி சென்டிகிரேடுக்குக் குறைந்த குளிர் குறிப்பிட்ட மணி நேரம் கிடைத்தால்தான் ஒழுங்காகப் பூக்கும். டெலிஷியஸ் போன்ற ரகங்களுக்கு 1000 மணி நேரம் வரையும் அதற்கு மேலும் தேவை. நம் மலைகளில் இரவில் உறைபனி விழுந்தாலும் பகலில் வெயில் ஏறிவிடுகிறது. அந்த அளவு குளிர் இங்கே சேராது.

எனவே குறைந்த குளிரிலேயே காய்க்கும் மரங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பேரி, பிளம்ஸ், பீச் ஆகியவை நம் மலைகளில் ஏற்கெனவே நிலைபெற்றவை. பேரியில் கீபர், பிளம்ஸில் ரூபியோ போன்ற ரகங்கள் ஏற்றவை. ஆப்பிள்தான் வேண்டும் என்போர் பார்லின்ஸ் பியூட்டி ரகத்தைச் சிறிய அளவில் வைக்கலாம். பிளம்ஸில் ஒரே ரகத்தை நம்பாமல் இரண்டு ரகங்களைக் கலந்து நட்டால் மகரந்தச் சேர்க்கை நன்றாக நடக்கும்.

இடமும் முக்கியம். குளிர்காற்று தண்ணீரைப் போல் கீழ்நோக்கி இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். முன்னதாகப் பூக்கும் பீச்சைப் பள்ளத்தில் வைத்தால் உறைபனியில் பூ கருகும். நடுச்சரிவே அதற்கு ஏற்றது. தோட்டத்தின் அடிப்புறம் வேலி அடர்த்தியாக இருந்தால், குளிர்காற்று வெளியேற இடைவெளி விட வேண்டும்.

இரண்டடி ஆழ அகலக் குழியில் மக்கிய தொழு உரமும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி, ஒட்டுக்கன்றை ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலே இருக்கும்படி நட வேண்டும். மரங்கள் உறங்கும் டிசம்பர், ஜனவரியில் கவாத்து செய்து, பெரிய வெட்டுக்காயங்களில் போர்டோ பசை தடவ வேண்டும். முதல் சில ஆண்டுகள் இடையில் பீன்ஸ், பட்டாணி பயிரிடலாம். தோண்டி எடுக்கும் உருளைக்கிழங்கை மட்டும் வேர்ப்பகுதிக்கு அருகே வைக்கக் கூடாது.

சிறு விவசாயி நிலம் முழுவதையும் மரத்திற்கு விட வேண்டியதில்லை. படிமட்ட ஓரங்களில் பத்து இருபது மரங்கள் போதும். கன்று வாங்குமுன் அது என்ன ரகம், எந்த வேர்ச்செடியில் ஒட்டியது, நம் மலையில் எங்கே காய்த்திருக்கிறது என்று கேளுங்கள். இம்மூன்றுக்கும் பதில் சொல்ல முடியாதவரிடம் கன்று வாங்காதீர்கள்.