நீங்க கட்டுற ரோடு டேக்ஸ் தூத்துக்குடி ரோட்டுக்கு வருதா?

90,000 ரூபாய்க்குப் புது பைக் எடுத்தா ஆயுள்கால வரி 10 சதவீதம், அதாவது 9,000 ரூபாய். 2023 நவம்பர்ல உயர்த்தின விகிதம் இது. இந்தப் பணத்துல தூத்துக்குடி மாநகராட்சிக்கு நேரடியா ஒரு ரூபாய்கூட வராது. வாகன வரி அரசியல் சட்டத்துல மாநிலப் பட்டியல்ல இருக்கு. போறது மாநிலக் கஜானாவுக்கு.

இந்தச் சண்டை லண்டன்லயும் நடந்தது. லண்டன்காரங்க கட்டுற வாகன வரி வருஷத்துக்கு சுமார் 50 கோடி பவுண்ட். அதை நகரத்துக்கே கொடுங்க, இல்லன்னா வெளியூர் கார்களுக்கு நாளுக்கு 3.50 பவுண்ட் வசூலிப்பேன்னு 2020 டிசம்பர்ல மேயர் சாதிக் கான் கேட்டார். வரியும் கிடைக்கல, அந்தக் கட்டணமும் வரல.

நம்ம மேயரும் அப்படிக் கேட்கணுமா? வேண்டாம் என்பதே என் கருத்து. வண்டி பதிவாகுற ஊருக்கே வரின்னா, கார் அதிகம் விற்கிற சென்னைக்கும் கோவைக்கும்தான் லாபம்.

நம்ம ரோட்டை உடைக்கிறது பைக் இல்ல. துறைமுகத்துக்கு வந்து போற கன்டெய்னர், நிலக்கரி, உப்பு லாரிங்க. அச்சுல ஏறுற சுமை இரண்டு மடங்கானா ரோட்டுச் சேதம் சுமார் 16 மடங்கு ஆகும்னு பொறியாளர்கள் கணக்குச் சொல்றாங்க. அந்த லாரி எந்த ஊர்ல பதிவானாலும் சேதம் இங்கேதான்.

துறைமுகச் சாலை தேசிய நெடுஞ்சாலை, உண்மைதான். ஆனா குடோனுக்குத் திரும்புற தெருக்கள் மாநகராட்சியோடது.

மாநில அரசு தன் சொந்த வரி வருவாய்ல நிகரமா 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்குப் பிரிச்சுக் கொடுக்குது. உங்க 9,000 ரூபாயும் அந்தப் பொதுப் பானையிலதான் சேருது. பங்கு போட முக்கிய அளவுகோல் மக்கள்தொகை. ஆளை எண்ணுறாங்க, லாரியை எண்ணுறதில்ல.

பங்கு பத்தலன்னா மாநகராட்சி கையில இருக்கிற பெரிய ஆயுதம் சொத்து வரி. 2022ல அது எவ்வளவு ஏறுச்சுன்னு ஞாபகம் இருக்கும்: 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,800க்கு மேல 100 சதவீதம். அதாவது, லாரி உடைச்ச தெருவுக்கு வீட்டுக்காரர் பணம் கட்டுறார்.

அதனால கேட்க வேண்டிய இடம் மாநில நிதி ஆணையம். அஞ்சு வருஷத்துக்கு ஒரு முறை பங்கீட்டு விதியைப் பரிந்துரைக்கிறது அதுதான். நம்ம தெருக்கள்ல எத்தனை கனரக லாரி ஓடுதுன்னு மாநகராட்சி எண்ணி, மன்றத்துல தீர்மானம் போட்டு, அந்தக் கணக்கோட போய்க் கேட்கணும். கணக்கு இல்லாம கேட்டா அது புலம்பல். கணக்கோட கேட்டாதான் கோரிக்கை. அடுத்த முறை உங்க வார்டு கவுன்சிலரைப் பார்த்தா, ரோடு எப்ப போடுவீங்கன்னு கேட்கிறதோட, லாரியை எப்ப எண்ணுவீங்கன்னும் கேளுங்க.