இருநூறு பீஸ் எங்கே போச்சு?

அனுப்பர்பாளையம் என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது பித்தளைப் பாத்திரம்தான். ஆனால் அது திருப்பூர் ஆயிற்றே, பனியன் தொழில் இல்லாமல் இருக்குமா? பனியன் துணி ஒரே இடத்தில் டி-ஷர்ட் ஆவதில்லை. நிட்டிங் ஓரிடம், டையிங் வேறிடம், கட்டிங், பிரிண்டிங், தையல் என்று ஜாப் ஒர்க்குக்கு ஊர் சுற்றிவிட்டுத்தான் பெட்டிக்குள் போகும். போகிற வழியெல்லாம் பீஸ் கணக்கு. முன்பு நோட்டில் எழுதினார்கள். இப்போது ஆளாளுக்கு போனில் ஆப்.

கட்டிங் முடிந்து 1000 பீஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குடோனில் நெட் இல்லை. சூப்பர்வைசர் 200 பீஸைத் தையலுக்கு அனுப்பிவிட்டு, தன் போனில் இருப்பு 800 என்று மாற்றுகிறார். அதே நேரம் ஆபீஸில் இன்னொருவர் 50 பீஸைப் பிரிண்டிங்குக்கு அனுப்பி, 950 என்று மாற்றுகிறார். நெட் வந்ததும் இரண்டு போனும் பேசிக்கொள்கின்றன. எது சரி? கடைசியாக எழுதியதே சரி என்று முடிவெடுக்கும் ஆப்கள் நிறைய. 950 ஜெயித்தால், 200 பீஸ் போன சுவடே இருக்காது. சனிக்கிழமை சம்பளத்தில், பீஸ் ரேட்டுக்குத் தைத்தவர்தான் முதலில் மாட்டுவார். ஒரு போனில் கடிகாரம் முன்னால் ஓடினாலோ, எப்போதும் அந்த போன் சொன்னதே சட்டம்!

இதற்கு வழி பழைய பேரேட்டிலேயே இருக்கிறது. இருப்பை மாற்றாதீர்கள், நடந்ததை எழுதுங்கள். '200 போனது', '50 போனது'. எது முன்னே வந்தாலும் கூட்டிக் கழித்தால் 750தான். ஒவ்வொரு பதிவுக்கும் தனி எண் இருந்தால், சிக்னல் விட்டு விட்டு வந்து ஒரே பதிவு இரண்டு முறை போனாலும் ஒன்றாகவே எண்ணப்படும். தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது, எதிர்ப்பதிவு போட வேண்டும்.

அமேசானுக்கும் இந்தத் தலைவலி உண்டு. அவர்கள் 2007-ல் வெளியிட்ட 'டைனமோ' கட்டுரையில், வாடிக்கையாளர் கூடையில் போட்ட பொருள் எக்காரணம் கொண்டும் தொலையக் கூடாது என்று வடிவமைத்ததைச் சொல்கிறார்கள். அதனால் நீக்கிய பொருள் சில சமயம் திரும்பி வந்துவிடும். பரவாயில்லை என்று விட்டுவிட்டார்கள். கடைக்காரர் புத்தி!

ஆனால் எல்லாவற்றையும் அப்படி விட முடியாது. மிச்சம் இருப்பது 100 பீஸ். இரண்டு பேர் இரண்டு பையருக்கு அதையே அனுப்புவதாகப் பதிவு போட்டால், கூட்டிக் கழித்து வருவது மைனஸ் 100. தொடர்பு அறுந்த நேரத்தில், எல்லோரும் ஒத்துக்கொள்ளும்வரை காத்திருக்கலாம், அல்லது அவரவர் வேலையைத் தொடரலாம். இரண்டும் சேர்ந்து கிடைக்காது என்று 2000-ல் சொன்னார் பெர்க்லி பேராசிரியர் எரிக் புரூவர். 2002-ல் சேத் கில்பர்ட்டும் நான்சி லின்ச்சும் அதை நிரூபித்தார்கள். ஆகவே டெஸ்பாட்ச்சுக்கு மட்டும் ஆபீஸ் கம்ப்யூட்டர் 'சரி' சொன்ன பிறகே பதிவாக வேண்டும். நெட் இல்லையா, லாரி கொஞ்சம் நிற்கட்டும்.

ஆப் விற்க வருபவரிடம் இதையெல்லாம் விளக்கச் சொன்னால் மண்டை காயும். அவர் எதிரிலேயே இரண்டு போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். ஒன்றில் 200, இன்னொன்றில் 50 கழித்துவிட்டு நெட்டைத் திறங்கள். 750 வந்தால் அட்வான்ஸைப் பற்றிப் பேசலாம்.